கண்ணீர் வற்றிய கண்கள்: ஒரு மருத்துவ வரலாறு

1999ஆம் ஆண்டு என் மாமியார் கும்பகோணத்தில் காலமானார். டெல்லியிலிருந்து சென்னைக்கு விமானம், அங்கிருந்து வாடகைக் கார் என்று அலறியடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். என் மனைவி தாயின் தலைமாட்டில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். ஆனால் கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் வரவில்லை. கூடத்தில் இருந்த ஒரு பெரியம்மா பக்கத்திலிருந்தவரிடம், "டெல்லிக்குப் போனா மனசு கூடக் கல்லாயிடுமா? பெத்தவ போயிட்டா, பொண்ணு கண்ணுல ஈரமே இல்லியே" என்றார். அது என் காதிலும் விழுந்தது, அவள் காதிலும் விழுந்தது.

அது மனசின் குற்றமில்லை, ஒரு நோய். அந்த நோயை ஒரு ஸ்வீடன் நாட்டு மருத்துவர் 66 வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்திருந்தார். எங்களுக்கு அது தெரிய மேலும் ஐந்து வருஷம் பிடித்தது. கணக்குத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கும் மருத்துவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நம் சங்க அன்பர்கள் கேட்கலாம். இந்த ஒரு சம்பந்தம்தான்.

கண் வறட்சி ஏதோ கம்ப்யூட்டர் காலத்து வியாதி என்று பலர் நினைக்கிறார்கள். சுசுருத சம்ஹிதையின் உத்தர தந்திரம் 76 கண்நோய்களைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று 'சுஷ்காக்ஷிபாகம்'. இமை கடினமாகி வறண்டுபோகும், கண்ணைத் திறப்பதே சிரமம் என்கிறது நூல். மருந்து, பெரும்பாலும் நெய். உள்ளுக்கும் நெய், கண்ணுக்கும் நெய். கண்ணைச் சுற்றி உளுந்து மாவால் வரப்பு கட்டி, அதற்குள் மருந்து நெய்யை நிரப்பி வைக்கும் 'தர்ப்பணம்' என்ற சிகிச்சை இன்றும் ஆயுர்வேத வைத்தியசாலைகளில் உண்டு. எங்கள் பக்கத்துப் பாட்டிமார் நந்தியாவட்டைப் பூவை மூடிய கண்மேல் ஒற்றிக்கொள்வார்கள். கண் குளிர்ச்சி என்ற பேச்சே அதிலிருந்து வந்ததுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். எண்ணெய்ப் பசைக்கும் கண்ணீருக்கும் உள்ள உறவு அந்தக் காலத்து வைத்தியர்களுக்கு அனுபவத்தில் பிடிபட்டிருக்கிறது. அதற்காக நவீன மருத்துவம் முழுவதும் நம்மிடம் அன்றே இருந்தது என்று மார்தட்ட நான் தயாரில்லை. கண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அப்போது யாரிடமும் சரியான விடை இல்லை.

மேல்நாட்டிலும் அப்படித்தான். கண்ணீர் மூளையிலிருந்து வடிகிறது என்றே வெகுகாலம் நம்பினார்கள். அதை மாற்றியவர் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்டென்சென். 1660இல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத் தலையை அறுத்துப் பார்த்தபோது உமிழ்நீர் வாய்க்கு வரும் குழாயைக் கண்டுபிடித்தார். அடுத்து கண்பக்கம் திரும்பி, கண்ணீர்ச் சுரப்பிகளையும் அவற்றின் குழாய்களையும் 1662இல் விவரித்து எழுதினார். கண்ணீரின் வேலை கண்ணை நனைத்து வைப்பது என்று சொன்னவரும் அவரே. வாயின் ஈரத்தையும் கண்ணின் ஈரத்தையும் ஒரே ஆள் அடுத்தடுத்துக் கண்டதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். 1666இல் ஜெர்மானியரான ஹைன்ரிக் மெய்போம் இமை ஓரத்தில் வரிசையாக உள்ள சின்னஞ்சிறு சுரப்பிகளைப் பற்றி எழுதினார். அவை சுரப்பது ஒருவித எண்ணெய். கண்ணீரின்மேல் அது ஆடை போலப் படர்ந்து, நீர் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கிறது.

கண்ணீரை அளக்க ஒரு வழி வேண்டுமே? 1903இல் ஓட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் வடிதாளையே கருவியாக்கினார். இன்று பயன்படுவது 5 மில்லிமீட்டர் அகலம், 35 மில்லிமீட்டர் நீளமுள்ள துண்டு. நுனியை மடித்துக் கீழ் இமைக்குள் செருகி ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் பெரும்பாலும் கவலையில்லை, 5க்குக் கீழே போனால் கடும் வறட்சி. நூறு வருஷத்துக்கு மேலாகியும் இந்தக் காகிதம் ஓய்வு பெறவில்லை.

இனி நம் கதாநாயகர். ஹென்ரிக் ஷோக்ரென், 1899இல் பிறந்தவர். 1930இல் ஸ்டாக்ஹோமில் அவரிடம் ஒரு பெண் வந்தார். கண் வறட்சி, வாய் வறட்சி, மூட்டுவலி மூன்றும் ஒன்றாக இருந்தன. மூன்றும் ஒரே நோயின் முகங்களோ என்று அவர் யோசித்தார். அப்படிப்பட்ட நோயாளிகளைத் தேடித் தேடிச் சேர்த்து, 19 பெண்களைப் பற்றி 1933இல் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். தேர்வாளர்கள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. பல்கலைக்கழக ஆசிரியர் தகுதிக்குத் தேவையான மதிப்பெண் கிடைக்காததால், மனிதர் யோன்ஷோப்பிங் என்ற ஊருக்குக் கண் மருத்துவராகப் போய்விட்டார். பத்து வருஷம் கழித்து, 1943இல் புரூஸ் ஹாமில்டன் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் ஆய்வேட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. ஸ்வீடன் அரசு 1961இல் அவருக்குப் பேராசிரியர் பட்டம் தந்தது. உடலின் தற்காப்புப் படை தன் சொந்தச் சுரப்பிகளையே தாக்கும் இந்த நோய் இன்று அவர் பெயரால்தான் வழங்குகிறது. இதில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள்.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது? "ஏங்க, கண்ணுல மணல் விழுந்தாப்ல இருக்கு" என்று அவள் சொல்ல ஆரம்பித்தது 1998இல். டெல்லிப் புழுதி, மே மாதத்து 'லூ' காற்று என்று நானே சமாதானம் சொன்னேன். ஒரு பெரிய மருத்துவமனையில், "குச் நஹி ஹை, இந்த வயசில் பெண்களுக்கு இப்படித்தான்" என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு எட்டு முறை விட்டும் எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. 2004இல்தான் வேறோர் இடத்தில் ஓர் இளம் மருத்துவர், "அம்மா, சாதத்தை முழுங்க ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பல வருஷமாகச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் செம்பு வைத்துக்கொள்வாள். அதைக் கண்ணோடு சேர்த்து நான் யோசித்ததே இல்லை. காகிதம் வைத்துப் பார்த்ததில் 3 மில்லிமீட்டர். பிறகு ரத்தப் பரிசோதனை, உதட்டின் உட்புறத்தில் சிறிது சதை எடுத்துப் பரிசோதனை. ஷோக்ரென் நோய்தான். வெளியே வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "அம்மா போனப்ப நான் அழுதேங்க."

எட்டு முறை விட்ட மருந்து ஏன் எரித்தது? சொட்டு மருந்தின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1945 வாக்கில் மெத்தில் செல்லுலோஸ் என்ற வழவழப்பான பொருள் கண்ணுக்கு வந்தது. அதன்பின் பாலிவினைல் ஆல்கஹால், 1980களில் ஹையலுரோனேட். இவை நல்லவையே. ஆனால் பாட்டில் கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு அடிக்கடி விழுந்தால் கருவிழியின் மேல்தோலையே அரிக்கிறது. அதனால்தான் பாதுகாப்பு ரசாயனம் இல்லாத, ஒரே நாளில் தீர்த்துவிடும் சின்னக் குப்பிகள் வந்தன. விலை அதிகம், அதுதான் சங்கடம்.

இன்னொரு வழி, வருவது குறைவென்றால் போவதை அடைப்பது. ஏரிப் பாசனக்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, மதகை மூடுகிற வேலைதான். இமைகளின் மூக்கோர முனையில் கண்ணீர் வடியும் துளைகள் உண்டு. 1935இல் பீதம் என்ற அமெரிக்க மருத்துவர் அவற்றைச் சூடு வைத்து மூடுவது பற்றி எழுதினார். 1975இல் ஃப்ரீமன் என்பவர் கழற்றக்கூடிய சிலிக்கோன் அடைப்பானைக் கொண்டுவந்தார். என் மனைவிக்கு இரண்டு கீழ்த் துளைகளிலும் அதுதான். வைக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

சைக்ளோஸ்போரின் கதை இதைவிடச் சுவையானது. 1969இல் நார்வேயின் ஒரு பீடபூமியிலிருந்து மருந்துக் கம்பெனி ஊழியர் ஒருவர் எடுத்து வந்த மண்ணில் இருந்த பூஞ்சையில் பிறந்த மருந்து அது. முதலில் மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் காக்கப் பயன்பட்டது. அமெரிக்காவில் ரெனே காஸ்வான் என்ற கால்நடை மருத்துவர் கண் வறண்ட நாய்களுக்கு அதை விட்டுப் பார்த்தார், கண்ணீர் ஊறியது. நாய்க்குப் பிறகு, 2002 டிசம்பரில், மனிதர்களுக்கு அங்கே அனுமதி கிடைத்தது. முதலில் எரியும், பலன் தெரியச் சில மாதம் ஆகும். இதுவும் போதாதவர்களுக்கு அவர்கள் ரத்தத்திலிருந்தே சீரத்தைப் பிரித்து, நீர்த்து, சொட்டு மருந்தாகக் கொடுக்கிறார்கள். வாய்க்கும் கண்ணுக்கும் சேர்த்து பைலோகார்ப்பின் மாத்திரை உண்டு, வேர்த்துக் கொட்டும் என்பது அதன் தொல்லை. ஸ்டென்சென் ஞாபகம் இருக்கிறதல்லவா? அவர் கண்ட இரண்டு ஊற்றுகளையும் ஒரே மாத்திரை திறக்கப் பார்க்கிறது.

எல்லாருக்கும் இவ்வளவு தேவைப்படாது. பெரும்பாலானவர்களின் வறட்சிக்குக் காரணம் மெய்போம் சுரப்பி அடைத்துப்போய், உள்ள நீரும் ஆவியாவதுதான். வெந்நீர்த் துணி ஒத்தடம், இமை ஓரத்தை மெல்ல நீவிச் சுத்தம் செய்வது, திரையைப் பார்க்கும்போது மறக்காமல் இமைப்பது, ஏ.சி. காற்று முகத்தில் அடிக்காமல் பார்த்துக்கொள்வது, இவற்றிலேயே பலருக்குச் சரியாகிவிடும். மீன் எண்ணெய் மாத்திரையைப் பலரும் சிபாரிசு செய்தார்கள். 2018இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, ஆலிவ் எண்ணெய் மாத்திரையைவிட அது உசத்தியில்லை என்றது. சைவ வீட்டில் ஒரு விவாதம் அதோடு முடிந்தது.

கேரட் ஜூஸ் கொடுங்கள் என்று சொல்லாத நண்பர் இல்லை. அது வேறு வறட்சி. வைட்டமின் ஏ குறைந்த குழந்தைகளுக்கு வருவது, பார்வையையே பறிப்பது. அதன் வரலாற்றில் தமிழ்நாட்டுக்குப் பெரிய இடமுண்டு. திருச்சி வட்டாரத்தில் 15,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடையே மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் நடத்திய ஆய்வு 1990இல் வெளிவந்தது. வாரம் ஒரு சிறு அளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளின் இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. கண்ணுக்கென்று போன மருந்து உயிரைக் காத்தது. ஆனால் சத்துக் குறைவில்லாத பெரியவருக்குக் கேரட்டால் கண்ணீர் ஊறாது.

2023இல் ஆவியாதலைத் தடுக்கும் புதுச் சொட்டு ஒன்றுக்கும், 2025இல் கண்ணின் குளிர்ச்சி நரம்பைத் தூண்டிக் கண்ணீரை வரவழைக்கும் ஒன்றுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எங்கள் வீட்டில் இன்னும் பழைய சின்னக் குப்பிகள்தான், ஃபிரிட்ஜ் கதவில், தயிருக்குப் பக்கத்தில். இரண்டு வருஷம் முன்பு கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது அதே பெரியம்மாவைப் பார்த்தோம். தொண்ணூறு தாண்டியவர். "கண்ணுல ஒரே உறுத்தல்டி, என்ன மருந்து விடலாம்?" என்று என் மனைவியிடம் கேட்டார். அவள் கைப்பையைத் திறந்து ஒரு குப்பியை எடுத்துக் காட்டினாள். "முதல்ல டாக்டர்கிட்ட காகிதம் வச்சுப் பாக்கச் சொல்லுங்க பெரியம்மா" என்றாள்.