ஒற்றைக் குரலுக்கு அரங்கு கிடைத்த கதை

17ஆம் நூற்றாண்டு இத்தாலிய இசையைச் சிறிய அரங்கில் கேட்கப் போனால் மேடையில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். ஒரு பாடகி, இரண்டு வயலின், ஒரு ஹார்ப்சிகார்ட், நெடுங்கழுத்துத் தியோர்போ. ஹார்ப்சிகார்ட் வாசிப்பவரின் தாளை எட்டிப் பாருங்கள். கீழ்சுரங்கள் ஒரு வரி, அங்கங்கே சில எண்கள், அவ்வளவுதான். எந்தச் சுரக்கூட்டு என்பதை எண் சொல்லும். அதை எப்படி விரிப்பது என்பது வாசிப்பவர் பாடு. பாஸோ கொன்டினுவோ என்ற இந்த அடித்தளம் நம் தம்புராவைப் போல ஒரே இடத்தில் நிற்காது, பாட்டோடு நகரும். அது இல்லாவிட்டால் இந்தக் கச்சேரியே இல்லை.

அதற்கு முந்தைய தலைமுறையின் நாகரிகம் மாட்ரிகல். ஐந்து குரல்கள் ஒன்றையொன்று துரத்திப் பின்னும். ஒருவர் சொல்லை முடிக்கும்போது இன்னொருவர் அதைத் தொடங்குவார். காதுக்கு விருந்துதான், கவிதை என்ன ஆயிற்று என்று கேட்டவர்கள் பிளாரன்ஸில் இருந்தார்கள். பார்தி பிரபுவின் வீட்டில் கூடிய அந்தக் குழுவில் லூட் கலைஞர் வின்சென்சோ கலிலேயும் ஒருவர். வானியலாளர் கலிலியோவின் அப்பா. பண்டைய கிரேக்கர்கள் ஒற்றை மெட்டில் பாடித்தான் கேட்பவர் மனத்தை உருக்கினார்கள் என்று 1581இல் நூலே எழுதி வாதிட்டார். கிரேக்க இசையை அவர்களில் யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். அதே வட்டத்தில் பாடிய ஜூலியோ காச்சினி, ஒரு குரலும் அடிவரியும் மட்டுமே கொண்ட பாடல்களை 1602இல் அச்சிட்டார். எங்கே குரலை வளர்ப்பது, எங்கே அதிர விடுவது என்று முன்னுரையில் பாடமே நடத்தியிருக்கிறார்.

அதே ஆண்டு வெனிஸில் இன்னொரு புத்தகம் வந்தது. எழுதியவர் வியாதானா என்ற பிரான்சிஸ்கன் துறவி. அவர் கிரேக்கர்களிடம் போகவில்லை. பல குரல்களுக்கு எழுதிய பாட்டைக் கோயில்களில் ஆள் போதாமல் இரண்டு மூன்று பேர் பாடினார்கள். நடுவில் ஓட்டை ஓட்டையாய் விழுந்தது. ஆகவே ஒருவர் முதல் நால்வர் வரை பாடும்படி எழுதி, மிச்சத்தை ஆர்கனின் அடிவரியிடம் ஒப்படைத்தார். எனக்கென்னவோ பிரபுக்களின் கிரேக்கக் கனவைவிடத் துறவியின் இந்தப் பஞ்சப்பாட்டுதான் அழுத்தமான காரணமாகப் படுகிறது.

தேர்ந்த சிலருக்காக மூடிய அறையில் பாடும் வழக்கமோ ஃபெராராவில் முன்பே வேரூன்றியிருந்தது. இரண்டாம் அல்ஃபோன்சோ கோமகன் 1580 வாக்கில் லௌரா பெவெராரா முதலான பாடகிகளைச் சேர்த்துத் தன் வட்டத்துக்கு மட்டும் பாடவைத்தார். அவர்களுக்காக இசையமைப்பாளர் லுட்சாஸ்கி எழுதிய பாடல்கள் கோமகன் இறந்த பிறகு, 1601இல்தான் அச்சேறின. நல்ல சங்கீதத்தைப் பூட்டி வைத்த கஞ்சத்தனம்!

பாட்டு இப்படி மாறியதும் வாத்தியங்களும் குரலைப் பார்த்துப் பேசப் பழகின. வெனிஸின் சான் மார்க்கோ கோயிலில் வயலின் வாசித்த பியாஜோ மாரினி 1617இல் வெளியிட்ட தொகுப்பும், தாரியோ காஸ்தெல்லோ 1621இல் தந்த சொனாட்டாக்களும் பாடலை ஒட்டிய வெறும் பக்கவாத்தியம் அல்ல. தனித்தே கோபிக்கும், கெஞ்சும்.

கோமகனின் அறை வெனிஸில் அறிஞர் வீட்டுக் கூடமாயிற்று. கவிஞர் ஜூலியோ ஸ்த்ரோட்சி 1637இல் தொடங்கிய கழகத்தில் அவருடைய வளர்ப்பு மகள் பார்பரா பாடினார். அதற்காகக் கேலித் துண்டேடுகளும் கிளம்பின. அவர் 1644 முதல் 1664 வரை எட்டுத் தொகுப்புகளை அச்சிட்டார். அக்காலத்தில் எந்த ஆணுக்கும் பெருமை தரும் கணக்கு அது.

புதிதாகக் கேட்பவர்கள் 1638இல் வெளிவந்த தார்க்வினியோ மேருலாவின் தாலாட்டிலிருந்து தொடங்கலாம். குழந்தை இயேசுவை மரியாள் தூங்கவைக்கிறாள். அவனுக்கு வரப்போகும் சாவும் அவளுக்குத் தெரிகிறது. அடிவரியில் ஏறக்குறைய முழுப் பாட்டுக்கும் இரண்டே சுரங்கள். முதலில் அவற்றைக் கவனியுங்கள், பிறகு குரலுக்குப் போகலாம்.