ஒரு நடைபாதையும் இரண்டு பிடிவாதக்காரர்களும்

பி.காம். படிக்கிற நமக்குப் புராஜெக்ட் ரிப்போர்ட் என்றாலே அலர்ஜி. எழுதுகிறோம், பைண்டிங் போடுகிறோம், மார்க் வாங்குகிறோம். அதோடு அது அலமாரிக்குப் போய்விடும். ஆனால் பத்திரிகையில் வந்த ஒரு திட்டக் கட்டுரை 3,500 கி.மீ. நீளப் பாதையாகவே மாறியிருக்கிறது! அமெரிக்காவின் அப்பலாச்சியன் டிரெயில்தான் அது. தெற்கே ஜார்ஜியாவில் தொடங்கி வடக்கே மெய்ன் வரை 14 மாநிலங்கள் வழியாகப் போகிறது.

1921 அக்டோபரில் பென்டன் மெக்காய் என்பவர் கட்டடக் கலைஞர்கள் சங்கப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். வனத்துறையில் வேலை பார்த்தவர். அந்த வருடம்தான் மனைவியை இழந்திருந்தார். மலைமுகடுகளின் மேலேயே ஒரு நடைபாதை, வழியில் தங்குமிடங்கள், நகரத்து மனிதர்கள் மூச்சுவிட ஓர் இடம் என்பது அவர் கனவு. 1923-ல் நியூயார்க் அருகே பேர் மவுண்டனில் முதல் பகுதி திறக்கப்பட்டது. 1925-ல் இதற்கென ஒரு அமைப்பும் உருவானது. அதற்குப் பிறகு வேலை கிட்டத்தட்ட நின்றுவிட்டது.

சரி, காட்டுக்குள் பாதை போடுவது எப்படி? வரைபடத்தில் கோடு இழுத்தால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். இல்லையாம்! சரிவை அளக்கும் கருவியோடு நடந்துபோய், மரக்கிளைகளில் கலர் ரிப்பன் கட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு ரிப்பன் அருகே நின்றால் அடுத்தது கண்ணில் பட வேண்டும். பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மழைநீர் பாதையையே ஓடையாக்கி மண்ணை அரித்துவிடும். சமதரையும் ஆகாது, தண்ணீர் தேங்கும். ஓரிடம் சரிப்படவில்லை என்றால் ரிப்பனை அவிழ்த்து வேறிடத்தில் கட்டலாம், செலவே இல்லை. வெட்டிய பிறகு மாற்றுவதுதான் கஷ்டம். அப்பலாச்சியன் பாதையின் பழைய பகுதிகள் பல நேர் செங்குத்தாக ஏறியதால், பின்னாளில் வளைத்துப் போட வேண்டியதாயிற்று. அதன் நீளம் வருடா வருடம் கொஞ்சம் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நின்றுபோன வேலையைக் கையில் எடுத்தவர் மைரன் ஏவரி. கப்பல் வழக்குகள் பார்க்கும் வக்கீல், மெய்ன் மாநிலத்துக்காரர். 1931-ல் தலைவரானார். சைக்கிள் சக்கரத்தில் செய்த அளவுக் கருவியைத் தள்ளிக்கொண்டே காடு முழுக்க நடந்தார். மெய்ன் ரொம்ப தூரம், அதை விட்டுவிடலாம் என்று பேச்சு எழுந்தபோது விடமாட்டேன் என்று நின்றதும் இவர்தான். 1937 ஆகஸ்ட் 14-ல் கடைசி இடைவெளியும் அதே மெய்னில்தான் மூடப்பட்டது.

ஆனால் அதற்குள் இருவரும் பிரிந்துவிட்டார்கள். வர்ஜீனியாவின் ஷெனன்டோவா மலைமுகட்டில் அரசு கார் சாலை போட்டது. பாதை நகர வேண்டியிருந்தது. அரசே புதுப்பாதை வெட்டித் தருகிறது, நகர்த்திக்கொண்டு வேலையைப் பார்ப்போம் என்றார் ஏவரி. முகட்டில் கார் ஓடினால் காடு எதற்கு, பாதை எதற்கு என்றார் மெக்காய். 1935 வாக்கில் பேச்சே நின்று போனது. மெக்காய் அந்த வருடமே காடுகளைக் காக்கும் வேறொரு அமைப்பைத் தொடங்குவதில் பங்கெடுத்தார்.

யார் சொன்னது சரி? எனக்கு முதலில் ஏவரி பக்கம்தான் சாய்வு. நாம் காமர்ஸ் ஆட்களாச்சே, வேலை முடிந்ததா என்றுதானே பார்ப்போம்! ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். 1938 புயலில் மரங்கள் சாய்ந்தன, பிறகு போர் வந்தது, சாலைகள் பெருகின. பாதையின் கணிசமான பகுதி தனியார் நிலத்தில், வாய்மொழி அனுமதியில்தான் இருந்தது. நிலக்காரர் மனம் மாறினால் பாதையும் போச்சு. மறுபடி முழுதாக இணைந்தது 1951-ல்தான். அடுத்த வருடமே ஏவரி 52 வயதில் இறந்தார். 1968-ல் அரசு சட்டம் போட்டுப் பாதுகாத்த பிறகே அதற்கு நிலையான வாழ்வு கிடைத்தது. அதை மெக்காய் உயிரோடு இருந்து பார்த்தார்.

ஏவரி இல்லையென்றால் பாதையே இல்லை. மெக்காயின் பிடிவாதம் இல்லையென்றால் அது எதற்கென்றே நமக்கு மறந்திருக்கும். ஒரே ஒரு வருத்தம்தான். இருவரும் சேர்ந்தே நடந்திருக்கலாம்.

அடுத்த பதிவில் சந்திப்போம்!