குப்பைக்குப் போன கோடி!

சினிமாக்காரர்கள் 'பிராப்பர்ட்டி' என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். ஹீரோயின் பிடிக்கும் குடை, வில்லன் மேஜையில் இருக்கும் ஆஷ்ட்ரே... எல்லாம் பிராப்பர்ட்டிதான். பி.காம். படித்த எனக்கோ, பிராப்பர்ட்டி என்றால் பேலன்ஸ் ஷீட்டில் வருகிற சொத்து! இந்த இரண்டு அர்த்தமும் ஒன்றாகிப்போன கதை ஒன்று உண்டு.

1941-ல் வந்த அமெரிக்கப் படம், 'சிட்டிசன் கேன்'. டைரக்டர், ஹீரோ இரண்டுமே ஆர்சன் வெல்ஸ். படம் எடுக்கும்போது அவருக்கு வயசு 25தான். ஹெர்மன் மான்கிவிச்சும் அவரும் சேர்ந்து எழுதிய திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது.

பத்திரிகை முதலாளி கேன், அரண்மனை மாதிரி வீட்டில் தனியாகச் செத்துப்போகிறார். கையிலிருந்து ஒரு கண்ணாடி உருண்டை (குலுக்கினால் உள்ளே பனி கொட்டுமே, அந்த பொம்மை) விழுந்து உடைகிறது. கடைசியாக அவர் சொன்ன ஒரே வார்த்தை, 'ரோஸ்பட்'. ரோஜா மொட்டு. யார் அது? காதலியா? ஒரு நிருபர் தேடிக்கொண்டு அலைகிறார். கடைசிவரை அவருக்குத் தெரியவே இல்லை.

நமக்கு மட்டும் தெரிகிறது. கேன் உலகம் முழுக்க வாங்கிக் குவித்த சாமான்களுக்கு ஸ்டாக் எடுக்கிறார்கள். சிலைகளெல்லாம் ஒரு பக்கம். 'இதெல்லாம் குப்பை' என்று ஓர் ஆள் எதையோ தூக்கி உலையில் எறிகிறார். சின்னப் பிள்ளைகள் பனியில் சறுக்கி விளையாடும் கட்டை வண்டி. தீயில் அதன் பெயர் தெரிகிறது: ரோஸ்பட்!

அட, இதை ஏற்கெனவே பார்த்தோமே! படத்தின் ஆரம்பத்திலேயே வருகிறது. வெளியே சிறுவன் கேன் பனியில் விளையாடுகிறான். உள்ளே அம்மா அவனை ஒரு பேங்க்காரரிடம் ஒப்படைக்கக் கையெழுத்துப் போடுகிறாள். அழைத்துப் போக வந்தவரை அந்த வண்டியாலேயே இடிக்கிறான் பையன். அவன் போன பிறகு வண்டி மட்டும் அநாதையாகக் கிடக்க, மேலே பனி மூடுகிறது. பெயரை அப்போது காட்டவில்லை. அதுதான் சாமர்த்தியம்! கண்ணாடி உருண்டைக்குள் பனி ஏன் என்பதும் இப்போது புரிகிறது. அம்மா, வீடு, பிள்ளைப் பருவம் - பக்கம் பக்கமாக வசனம் எழுதவேண்டியதை ஒரு மரக்கட்டை சொல்லிவிட்டது.

சரி, அந்தக் கட்டைகள் என்ன ஆயின? எரிப்பதற்கென்றே எடை குறைந்த பால்சா மரத்தில் செய்தவற்றில் ஒன்று தப்பித்தது. 1982-ல் அதை 60,500 டாலருக்கு ஏலத்தில் எடுத்தவர், ஸ்பீல்பெர்க்.

இன்னொன்றின் கதைதான் வேடிக்கை. ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ இருந்த இடம் பிற்பாடு பாரமவுண்ட் வசமாகிவிட்டது. 1984-ல் அங்கே ஷூட்டிங்கில் இருந்தார் டைரக்டர் ஜோ டான்டே. பழைய சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்த ஓர் ஆள் ஒரு கட்டை வண்டியைக் காட்டி, 'இது உங்களுக்கு வேணுமா?' என்று கேட்டாராம். ஆம், குப்பைக்குத்தான் போக இருந்தது! டான்டே பத்திரமாக வைத்துக்கொண்டார். தன் படங்கள் நான்கில் சத்தமில்லாமல் ஒளித்தும் வைத்தார்.

2025 ஜூலையில் அது ஏலத்துக்கு வந்தது. போன விலை, 1 கோடியே 47 லட்சத்து 50 ஆயிரம் டாலர். நம் பணத்தில் 120 கோடி ரூபாய்க்கும் மேல்!

கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் போட்டிருந்தால் என்றைக்கோ பூஜ்யமாகியிருக்கும். கேனிடம் கேட்டிருந்தால், மொத்த அரண்மனையையும் கொடுத்திருப்பார்.

உங்கள் வீட்டுப் பரணில் நடைவண்டி ஏதாவது கிடக்கிறதா? காயலான் கடைக்குப் போடுமுன், வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.