அமரம் பிடித்தவர்கள் – 11: கச்சான் வீசும் கரையில்

இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் அடிமலத்துறை மணலில் வள்ளம் இறக்குவது பெரும்பாடு. கோட்டுகால் பஞ்சாயத்தின் கடல் எல்லை இதுதான். திறந்த கரை. ஒதுங்க ஒரு பாறை மூக்குகூடக் கிடையாது. கச்சான் வீசத் தொடங்கியதும் ஒன்றன் முதுகில் ஒன்றாக அலை ஏறி வந்து கரையில் விழும். வள்ளத்தைத் தள்ளிவிட நாலு பேர் தோள் கொடுத்து நிற்பார்கள். வள்ளத்தின் பின்முனையான அமரத்தில் இருப்பவர் மட்டும் வாய் திறக்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு அலை, இரண்டு, மூன்று. கடல் மூச்சு வாங்கும் அந்தக் கணத்தில் ஒற்றைக் குரல். எல்லோரும் ஒரே மூச்சாகத் தள்ளுவார்கள். குரல் அரை நிமிடம் பிந்தினால் வள்ளம் கவிழும். வயதில் மூத்தவர், வள்ளத்துக்குப் பணம் போட்டவர் யார் இருந்தாலும், அந்த நேரத்தில் அமரக்காரர் சொல்தான் செல்லும்.

அலை இன்னும் முற்றினால் அந்தக் குரலாலும் ஆகாது. அப்போது பூந்துறையிலிருந்து புல்லுவிளை வரை உள்ள வள்ளங்கள் விழிஞத்துக்குப் போய் ஒதுங்கும். அங்கே பாறைக்குன்று கடலுக்குள் நீண்டு காற்றை மறிக்கிறது. கரையை ஒட்டியே ஆழமும் உண்டு. இன்று பெரிய கொள்கலன் கப்பல்கள் அணையும் துறைமுகம் அங்கே எழுந்திருப்பதற்கும் இந்த இயற்கை ஆழம்தான் காரணம். 2024 ஜூலையில், அதே கச்சான் காலத்தில், முதல் தாய்க்கப்பல் வந்து நின்றது.

இந்த ஒதுங்குமிடத்துக்காக ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே படைகள் மோதியிருக்கின்றன. ஆய் வேளிரின் துறைமுகமாக இருந்த விழிஞத்தை 8-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் கைப்பற்றினான். வேணாட்டு மன்னனை வென்று யானை, குதிரை, செல்வம் எல்லாம் கொண்டுபோனதைச் சீவரமங்கலச் செப்பேடு பெருமையோடு சொல்கிறது. செப்பேடு அரசனைப் பற்றி மட்டுமே பேசும். ஆனால் மாறஞ்சடையன் என்றும் பெயர் கொண்ட அதே பாண்டியன் காலத்துக் கல் ஒன்று, இப்பகுதியில் சேரர் படையோடு நடந்த சண்டையில் உயிர்விட்ட இரணகீர்த்தி என்ற வீரனின் பெயரைச் சொல்கிறது. விழிஞப் போர்களில் விழுந்த எத்தனையோ பேரில் நம் காதுக்கு எட்டிய பெயர் அது. அதனால் அந்தக் கல்மேல் எனக்குத் தனி மரியாதை.

விழிஞம் குடைவரைக் கோயிலுக்குப் போனவர்கள் கவனித்திருக்கலாம். ஒரே அறை கொண்ட சின்னக் கோயில். உள்ளே வீணையேந்திய தட்சிணாமூர்த்தி. வெளிச்சுவரில் சிவனின் உருவம் பாறையிலிருந்து பாதி எழுந்து நிற்கிறது. மீதி இன்னும் பாறையாகவே இருக்கிறது. அதுவும் 8-ஆம் நூற்றாண்டை ஒட்டிய வேலைதான். அதன் முன்னே நிற்கும்போதெல்லாம், உளியைப் போட்டுவிட்டு ஓட வேண்டிய ஒரு நாள் இந்த ஊருக்கு வந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றும்.

பாண்டியருக்குப் பின் சோழரும் இந்தக் கரைக்கு வந்தார்கள். 985-இல் பட்டம் ஏறிய சோழன் முதலாம் இராசராசனின் கல்வெட்டுகளில், ஆட்சியின் 4-ஆம் ஆண்டு முதலே ஒரு வெற்றி இடம்பெறுகிறது: காந்தளூர்ச்சாலையில் ‘கலமறுத்தது’. நூறாண்டாக அறிஞர்கள் மல்லுக்கட்டும் சொல் இது. கலம் என்றால் கப்பல். சேரரின் கப்பற்படையை அழித்தான் என்றார்கள் ஒரு சாரார். கலம் என்றால் உண்கலம். சாலையில் நடந்த உணவுக் கொடையை முறைப்படுத்தினான் என்றார்கள் இன்னொரு சாரார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதற்காகவே ‘காந்தளூர்ச்சாலை’ என்று தனி நூல் எழுதினார். சாலை என்பது வேதமும் படைப்பயிற்சியும் சேர்ந்து நடந்த கல்விக்கூடம் என்றார் எம்.ஜி.எஸ். நாராயணன். அதற்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. முஞ்சிறை அருகே பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-இல் ஏற்படுத்திய சாலை, காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்டது. 95 சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, அங்கே இடம். அவர்கள் ஆயுதத்தோடு வரக் கூடாது என்று விதி போட்டிருக்கிறார்கள். ஆயுதம் பழகாதவர்களுக்கு அப்படி ஒரு விதி எதற்கு?

காந்தளூர் திருவனந்தபுரம் வலியசாலை என்பார் உண்டு. விழிஞத்தை ஒட்டியே என்பாரும் உண்டு. எப்படியானாலும் இரண்டும் ஒரே கரையில் உள்ளவை. ‘கலிங்கத்துப்பரணி’ முதற் குலோத்துங்கனின் வெற்றியாக விழிஞத்தையும் சாலையையும் சேர்த்தே சொல்கிறது. இராசராசனின் தளபதி வென்ற விழிஞத்தைத் திருவாலங்காட்டுச் செப்பேடு கடலையே அகழியாகக் கொண்ட ஊர் என்கிறது.

நான் கப்பல் என்று சொல்பவர்கள் பக்கம். உணவுக் கொடையைச் சீர்செய்ததை இராசராசனும் அவன் பேரன் இராசாதிராசனும் பின்னர் குலோத்துங்கனும் திரும்பத் திரும்ப வீரச்செயலாகப் பாடிக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் கப்பல் என்றதுமே நடுக்கடலில் கப்பலும் கப்பலும் முட்டிக்கொண்டதாக நாவல்களில் படித்துப் பழகிவிட்டோம். இந்தக் கரைக்காரனாக எனக்குத் தோன்றுவது வேறு. கச்சான் காலத்தில் கலங்கள் கடலில் இருக்காது. விழிஞம் போன்ற ஒரே ஒதுக்கில் நெருக்கியடித்து நிற்கும், இல்லாவிட்டால் கரையில் ஏற்றிக் கிடக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தரைப்படை வந்து அந்த ஒதுக்கைப் பிடித்தால் போதும். ஒரு நாட்டின் கடற்படை முழுவதையும் கால் நனையாமல் அறுத்துவிடலாம்.

இது வெறும் கற்பனை இல்லை. எழுநூறு ஆண்டுகள் கழித்து, இங்கிருந்து தெற்கே சுமார் 35 கிலோமீட்டரில் குளச்சலில் நடந்ததைப் பாருங்கள். 1739-இல் இலங்கையின் டச்சு ஆளுநர் வான் இம்ஹாப், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரை நேரில் கண்டு மிரட்டிப் பார்த்தார். நெய்யாற்றின்கரையில் பலாமரப் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்ததாக நம் ஊர்ப்பக்கம் கதை சொல்வோமே, அதே மார்த்தாண்டவர்மர். மிரட்டல் பலிக்கவில்லை. 1740 நவம்பரில் டச்சுக் கப்பல்கள் குளச்சலுக்கு வந்து குண்டு போட்டுப் படையை இறக்கின. அப்போது காற்று அவர்கள் பக்கம். வாடைக்காலக் கடல் குளம்போல் இருக்கும். கோட்டாறு வரை கரையோரம் அவர்கள் கைக்குப் போயிற்று.

அதற்குள் சாவாவில் கலகம் மூண்டுவிட்டது. அங்குள்ள பத்தாவியாவிலிருந்து ஆள் வர வழியில்லை. 1741 இடவப்பாதியும் வந்தது. குளச்சலும் திறந்த துறைதான். அந்த அலையில் கப்பல் நெருங்கி உணவோ மருந்தோ இறக்க முடியாது. திருவிதாங்கூர்ப் படை தரைப்பக்கம் சூழ்ந்துகொண்டது. உலகக் கடல்களை ஆண்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வீரர்கள், முன்னே வாளும் பின்னே கச்சானுமாக மாட்டிக்கொண்டார்கள். ஜூலை 31 சண்டை முடிவு கட்டியது. ஆகஸ்டில் வெடிமருந்து பற்றி எரிந்து அரிசியும் போன பிறகு சரணடைந்தார்கள். முக்குவர்கள் துடுப்பைத் துப்பாக்கிபோலத் தோளில் சாய்த்து வரிசையாக நின்று எதிரியை ஏமாற்றினார்கள் என்பது கரையில் வழங்கும் கதை. சான்று கேட்டால் கதை நிற்காது. ஆனால் எந்த மாதத்தில் எந்தக் கடல் எப்படி இருக்கும் என்ற அறிவு அந்தத் துடுப்புக்காரர்களிடம்தான் இருந்தது. அரசர் பக்கம் சாய்ந்த காற்றை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள்.

அந்த அறிவு இன்றும் இருக்கிறது. கடலுக்கடியில் உள்ள பாரைக் கண்டுபிடிக்க இங்குள்ள மூத்தவர்கள் பார்ப்பது கணிச்சம். கரையில் தெரியும் ஒரு கோபுரத்தையும் அதன் பின்னே மலையின் ஒரு முடியையும் ஒரே கோட்டில் வைப்பார்கள். வேறு திசையில் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் தூண்டில் இறங்கும். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைத் தண்ணீரில் கை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

குளச்சலில் பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டாசியஸ் டிலனாய். அவரை டச்சுக் கடற்படைத் தளபதி என்றே பலரும் எழுதுகிறார்கள். அது தவறு. அவர் கம்பெனியின் ஒரு படைவீரர். பத்மநாபபுரம் அரண்மனையில் அவர் சரணடையும் ஓவியம் இருக்கிறது. அதைப் பார்ப்பவர்கள் தோல்வியோடு கதை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. மார்த்தாண்டவர்மர் அவரைச் சிறையில் வாட விடவில்லை. தன் ஆட்களுக்குத் துப்பாக்கியும் பீரங்கியும் பழக்கச் சொன்னார். கைதி ‘வலிய கப்பித்தான்’, அதாவது பெரிய தளபதி, ஆனார். உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தினார், கன்னியாகுமரி அருகே கடலை ஒட்டி வட்டக்கோட்டையைக் கட்டினார். முப்பத்தைந்து ஆண்டுக்கும் மேல் திருவிதாங்கூருக்கே உழைத்து, 1777 ஜூன் 1 அன்று கண் மூடினார்.

தக்கலை போகிறவர்கள் புலியூர்க்குறிச்சியில் இறங்கி உதயகிரிக் கோட்டைக்குள் நடந்தால், கூரையில்லாத தேவாலயத்தின் உள்ளே அவர் கல்லறையைப் பார்க்கலாம். கல்லில் இரண்டு மொழிகள். ஒன்று இலத்தீன், மற்றது தமிழ்.