ஸ்கோமெட்

பெயர்ச்சொல். அரசின் உரிமமின்றி இந்தியாவிலிருந்து அனுப்பக்கூடாத பொருள், மென்பொருள், தொழில்நுட்பங்களின் பட்டியல்.

பிறப்பு: ஸ்பெஷல் கெமிக்கல்ஸ், ஆர்கனிசம்ஸ், மெட்டீரியல்ஸ், எக்விப்மென்ட், டெக்னாலஜிஸ் என்பவற்றின் முதலெழுத்துச் சேர்க்கை. முந்தைய பட்டியலின் பெயர் ‘ஸ்மெட்’. வேதிப்பொருளும் நுண்ணுயிரியும் சேர்ந்தபின் பெயரும் நீண்டது.

பொருள் விரிவு: 0 முதல் 8 வரை எண்ணிட்ட பிரிவுகள். ஆவடியில் உருவாகும் அர்ஜுன் டாங்கி போன்ற போர்த்தளவாடங்கள் 6ஆம் பிரிவு. அதற்குப் பாதுகாப்பு உற்பத்தித் துறை உரிமம் தரும். சிக்கல் 8ஆம் பிரிவில்தான். அம்பத்தூர்ப் பட்டறைக்குப் பழக்கமான சிஎன்சி எந்திரம்கூட, துல்லியம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அங்கே வந்துவிடும். மோட்டார் உதிரியும் கடையலாம், ஏவுகணை உறுப்பும் கடையலாம். இதையே ‘இரட்டைப் பயன்பாடு’ என்கிறோம். இத்தகைய ஏற்றுமதிகளைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டுக் கூட்டமைப்புகளான வாசெனார் ஏற்பாட்டில் 2017இலும் ஆஸ்திரேலியக் குழுவில் 2018இலும் இந்தியா சேர்ந்தது.

கல்லூரி வழக்கு: ‘ஏற்றுமதி’ என்றால் துறைமுகப் பெட்டி மட்டுமன்று. கட்டுப்பாட்டுக்குட்பட்ட வரைபடத்தையோ மென்பொருளையோ வெளிநாட்டுக் கூட்டாய்வாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புவதும் ஏற்றுமதியே. பேரழிவு ஆயுதங்கள் குறித்த 2005ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவெளியில் உள்ள தகவலை ‘தொழில்நுட்பம்’ என்னும் வரையறையிலிருந்து விலக்குகிறது. எனவே அச்சான கட்டுரைக்குத் தடையில்லை; அச்சேறாத செய்முறைக் குறிப்புக்கு உரிமம் தேவைப்படலாம். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் பட்டியலை ஒப்பந்தம் போடுமுன் பார்ப்பது நல்லது.