தீவகத்துக் குடிநீரும் ஒரு சிறு வால்வின் கணக்கும்

ஊர்காவற்றுறையிலிருந்து படகேறித்தான் எழுவைதீவுக்குப் போக வேண்டும். ஓர் உதிரிப்பாகம் உடைந்தாலும் அதே படகில்தான் வர வேண்டும். உவர்நீரே அதிகமுள்ள தீவகத்துக்குக் கடல்நீரைக் குடிநீராக்குவது ஒரு வழி. தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவுள்ள நிலையம் 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. சிறிய நிலையமானாலும் பெரிய நிலையமானாலும், உயர் அமுக்கப் பம்பியை அடுத்து அமுக்கத் தணிப்பு வால்வு ஒன்று அவசியம்.

காரணம் எளிது. நீர் அமுங்காது. சிறு நிலையங்களின் பிஸ்டன் பம்பி ஓடும்போது வெளிவழி அடைபட்டால், கணப்பொழுதில் அமுக்கம் எகிறும். குழாயோ மென்சவ்வுக் கூடோ வெடிக்கும். அருகில் நிற்பவரின் உயிருக்கும் ஆபத்து.

பலர் குழாயின் விட்டத்தைப் பார்த்து வால்வு வாங்குகிறார்கள். அது தவறு. பம்பி தள்ளும் முழு நீரும் வெளியேறப் போதிய துளை உண்டா என்பதே கேள்வி. ஏ.பி.ஐ. 520 நியமத்தின் கணக்கு இது: நிமிடத்துக்கான லீற்றரை 11.78 ஆல் பெருக்கி, வெளியேற்றக் குணகமான 0.65 ஆல் வகுக்க வேண்டும். பின்னர் ஒப்படர்த்தியைக் கிலோபாஸ்கலிலுள்ள அமுக்க வேறுபாட்டால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். விடை சதுர மில்லிமீற்றரில் வரும்.

மணிக்கு 10 கன மீற்றர், அதாவது நிமிடத்துக்கு சுமார் 167 லீற்றர் கடல்நீர் என்போம். ஒப்படர்த்தி 1.025. வால்வு 65 பாரில் திறக்கும். 10 சதவீதம் கூடுதலாக அனுமதித்தால் 7,150 கிலோபாஸ்கல். தேவையான துளை சுமார் 36 சதுர மில்லிமீற்றர். நியம அளவுகளில் மிகச் சிறியதான 'டி' (71) போதும்.

அதே நீர் 4 பார் வழியில் சென்றால் சுமார் 146 தேவை; 'ஈ' (126) போதாது, 'எஃப்' (198) வேண்டும். அமுக்கம் குறைந்தால் துளை பெருக்க வேண்டும்.

அதற்காக அளவுக்கு மீறிப் பெரிய வால்வும் நல்லதல்ல. அது படபடவெனத் திறந்து மூடி, தன் இருக்கையைத் தானே சிதைக்கும். நுழைகுழாயில் அமுக்க இழப்பு 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வால்வுக்கு முன்னே மூடக்கூடிய குழாய்த்திறப்பு எதையும் திறந்த நிலையில் பூட்டாமல் விடக்கூடாது. வெளியேறும் நீர் ஆள் நடமாட்டமில்லாத இடத்துக்குச் செல்ல வேண்டும். கடல்நீரில் சாதாரண உருக்கு அரிக்கும். டூப்ளெக்ஸ் வகை உருக்கே நிலைக்கும்.

நிலையம் அமைக்க வருபவரிடம் வால்வின் விலையோடு இந்தக் கணக்குத் தாளையும் ஊரவர் கேட்டு வாங்க வேண்டும்.