மான் வேட்டைத் துப்பாக்கியும் தோளின் வலிமையும்

மெலிந்த உடலினரான புதிய வேட்டைக்காரர்க்கு எடை குறைந்த துப்பாக்கியே ஏற்றது என்பது பொதுவான எண்ணம். ஆயின், ஒரே தோட்டாவைச் சுடுமிடத்து, துப்பாக்கியின் எடை குறையப் பின்னுதைப்பு மிகும். உதைக்கு அஞ்சிக் கண்மூடிச் சுடுவோன் மானைக் கொல்லாது காயப்படுத்தக்கூடும். இம்முரண்பாட்டுக்குத் தீர்வு தோட்டாவிலேயே காணப்பட்டது.

1906இல் அமெரிக்கப் படைக்கென உருவான .30-06 தோட்டா பின்னர் வேட்டையிலும் பரவியது. அதன் சன்னம் ஏறத்தாழ 10 கிராம் நிறையுடையது. 1955இல் வின்செஸ்ரர் நிறுவனம் .308 தோட்டாவின் கழுத்தைச் சுருக்கி .243 தோட்டாவை வெளியிட்டது. மானுக்குரிய அதன் சன்னம் 6.5 கிராம் அளவினதே. உதை தணிந்தது.

எனினும் சிறுமைக்கும் எல்லையுண்டு. இங்கிலாந்தின் 1963ஆம் ஆண்டு மான்கள் சட்டம் .240 அங்குலத்திற் குறைந்த விட்டமுடைய றைபிள்களை மான் வேட்டைக்கு விலக்கியது. .243 அவ்வெல்லையைச் சற்றே கடந்து நின்றது. சுடுவோனின் தோளையும் சுடப்படும் விலங்கின் துன்பத்தையும் ஒருங்கே எண்ணுவதே தேர்வின் அளவுகோல் எனலாம்.